கால் முளைச்ச கேரட்

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு இருந்தா. அகிலு, காலை என் மேலேர்ந்து எடு. கதை வேணுமா, மல்யுத்தம் வேணுமா? கதைதானே? அப்போ நேராப் படு. நான் நிறுத்தறப்போ எல்லாம் "ம்" சொல்லணும். சொல்லலைன்னா நீ தூங்கிட்டேன்னு நினைச்சு எழுந்து போயிடுவேன். சிங்க் நிறைய பாத்திரம் கிடக்கு.

"ம்."

ஒரு ஊர்ல ஒரு பொண்ணு. பேரு அம்சவேணி. உன் வயசுதான், மூணாங்கிளாஸ்.

"எந்த ஊரும்மா?"

ஓசூர்னு வச்சுக்கோ. ஊர் பேர் தெரியலைன்னா தூக்கம் வராதா உனக்கு? அவ அப்பா பேரு கலியபெருமாள். மன்னார்குடிப் பக்கத்து ஆளு. நட்டு, போல்ட்டு செய்யற கம்பெனியில வேலை கிடைச்சு, குடும்பத்தோட ஓசூர் வந்தவரு. கீழ் வீட்ல இவங்க வாடகைக்கு. மாடியில ஹவுஸ் ஓனர், முனிரத்னம் தாத்தா. அவர் கையில எப்பவும் ஒரு கைத்தடி. படியில இறங்கினா டொக், டொக், டொக்குன்னு சத்தம் முன்னாடி வரும், அப்புறம்தான் அவர் வருவாரு.

அந்த வீடு ரொம்பச் சின்னது. கட்டில்ல பாதி அம்மாவுக்கு, பாதி தம்பிப் பாப்பாவுக்கு. அலமாரியில மேல் தட்டு அப்பாவுக்கு, நடுத்தட்டு அரிசி பருப்புக்கு, கீழ்த்தட்டு தம்பியோட துணிக்கு. அம்சவேணிக்கு? ஒண்ணும் கிடையாது. அவ பென்சில் டப்பாவைக்கூட ஜன்னல் விளிம்புலதான் வைக்கணும். அதையும் தம்பி தள்ளி விட்டுடுவான். தடால்!

"ம்."

அந்த வீட்டுக்குப் பின்பக்கம் கொஞ்சம் மண்ணு இருந்துது. ரெண்டு பாய் விரிச்ச அளவுதான். ஓரத்துல ஒரு துணி துவைக்கற கல்லு. யாரும் எட்டிப் பார்க்காத இடம். அதனால அம்சவேணி மனசுக்குள்ள, இது என்னோடதுன்னு வச்சுக்கிட்டா. யார்கிட்டயும் கேட்கலை. கேட்டாத்தானே இல்லைன்னு சொல்லுவாங்க.

அப்புறம் ஒரு நாள் டொக், டொக், டொக். தாத்தா இறங்கி வந்து அவ அப்பாகிட்ட சொல்றாரு. "கலியபெருமாளு, பின்னாடி மண்ணா இருக்கு. மண்ணு இருந்தா ஈரம், ஈரம் இருந்தா கொசு. தை பத்தாம் தேதி மேஸ்திரி வர்றான். முழுசா சிமெண்ட் போட்டு மூடிடறேன்."

"நல்லதுங்கய்யா"ன்னு அப்பா தலையை ஆட்டிட்டாரு. பெரியவங்களுக்கு அதுதான் வேலை, யார் எதைச் சொன்னாலும் நல்லதுங்கய்யா.

அது அம்சவேணி காதுல விழுந்துது. ஓடி வந்து, "தாத்தா, மூடாதீங்க. அதுல நான் கேரட் போடப் போறேன்"னா.

ஏன் கேரட்டு? அந்த வாரம்தான் ஸ்கூல் கண்காட்சியில குலுக்கல் நடந்தது. ஒருத்திக்குப் பொம்மை, ஒருத்திக்கு வாட்டர் பாட்டில். இவளுக்கு என்ன வந்தது? ஒரு கேரட் விதை பாக்கெட்டு. எல்லாரும் கெக்கேபிக்கேன்னு சிரிச்சாங்க.

தாத்தாவும் சிரிச்சாரு. "இந்தச் சரளை மண்ணுலயா? இதுல முள்ளங்கி போட்டாலே கோணிக்கிட்டு வரும் பாப்பா."

"வந்தா?"

"வந்தா பார்க்கலாம்."

"பார்க்கலாம்னு சொன்னா எங்க வீட்ல இல்லைன்னு அர்த்தம். சரியாச் சொல்லுங்க."

தாத்தா அவளை ஏற இறங்கப் பார்த்தாரு. தடியால மண்ணுல ஒரு குத்து குத்தினாரு. "சரி. மேஸ்திரி வர்ற அன்னைக்கு, கடையில விக்கிற மாதிரி நேரா, ஒரே ஒரு கேரட்டு என் கையில குடு. குடுத்தா இந்த மண்ணு உன்னோடது. இல்லாட்டி சிமெண்ட்டு. சம்மதமா?"

"சம்மதம்."

ஆயுத பூஜை முடிஞ்ச மறுநாளே விதைச்சா. எப்படி விதைச்சா? குழி தோண்டினா. எவ்வளவு ஆழம்? ஒரு சாண். கேரட்டு ஆழமாத்தானே வளருது, அதனால விதையையும் ஆழமாப் போடணும்னு அவ கணக்கு. பாதி பாக்கெட்டை உள்ள கொட்டி, மூடி, காலால மிதிச்சு, ஒரு குடம் தண்ணியும் ஊத்தினா.

ஒரு வாரம். ஒண்ணும் இல்லை. ரெண்டு வாரம். ஒரு எறும்பு வந்து எட்டிப் பார்த்துட்டுப் போச்சு. கேரட் விதை சீரகத்துல பாதிகூட இருக்காது. அதை ஒரு சாண் ஆழத்துல புதைச்சா அது என்ன ஏணி வச்சா ஏறி வரும்?

"செத்துப் போச்சாம்மா?"

போச்சு. பாதி பாக்கெட்டு காலி. மாடியிலேர்ந்து தாத்தா குரல் குடுத்தாரு. "பாப்பா, கேரட்டு ஊட்டிக்கே திரும்பிப் போயிடுச்சா?"

அம்சவேணி நேரா சமையல்கட்டுக்குப் போனா. மாவு சலிக்கற சல்லடையை எடுத்தா. மண்ணை வாரி வாரி சலிச்சா. சலக் சலக், சலக் சலக். கல்லு ஒரு பக்கம், மண்ணு ஒரு பக்கம். மூணு நாளு. ஒரு முழத்துக்கு மேல தோண்டி, பாத்தி முழுக்கப் பூப்போல ஆக்கிட்டா. சலிச்சதுல மீந்த மண்ணு நாலஞ்சு கூடை இருந்துது. அதைத் துவைக்கற கல்லுக்குப் பின்னாடி மூலையில குவிச்சு வச்சா.

நாலாம் நாள் அவ அம்மா சப்பாத்திக்கு மாவு சலிக்கப் போனா. சல்லடையில சிவப்பு மண்ணு. "அடியேய் அம்சா!" அந்தச் சத்தம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்டுதாம். நானா இருந்தா ரெண்டு வச்சிருப்பேன்.

"அவ அம்மா அடிச்சாளா?"

காதைத் திருகினா. அதோட விட்டா. நல்ல அம்மா.

அப்புறம் இந்தத் தடவை மிச்ச விதையை ஒரு பிடி மணலோட கலந்துகிட்டா. தூவறதுக்கு வாகா இருக்கும்னு. கையில எடுத்து, பாத்திக்கு மேல நீட்டறா. அப்போ பார்த்து உள்ள அம்மா எண்ணெயில காஞ்ச மிளகாயைப் போட்டா. சொய்ங்ங்! நெடி வெளியில வந்தது. அம்சவேணிக்கு மூக்கு நமநமன்னுது. ஹ... ஹ... ஹ...

"ஹச்!"

நீ தும்மாதே, அவதான் தும்மினா. ஹச்சு! உள்ளங்கையில இருந்ததுல கொஞ்சம் பறந்து போய் துவைக்கற கல்லுக்குப் பின்னாடி விழுந்துடுச்சு. போனது போகட்டும்னு மிச்சத்தைப் பாத்தியில தூவினா. மேல லேசா, விரல் நகம் அளவு மண்ணு. அதுக்கு மேல நனைச்ச கோணிச் சாக்கு. தினம் சாக்கு மேல தண்ணி தெளிச்சா.

பத்தாம் நாள் சாக்கைத் தூக்கினா, பச்சைப் பசேல்னு ஊசி ஊசியா முளை! ஒரு நூறு இருக்கும். அம்சவேணி குதிச்சா. மாடியைப் பார்த்து, "தாத்தா, ஊட்டி பஸ் வந்துடுச்சு!"ன்னு கத்தினா. தாத்தா எட்டிப் பார்த்து, "இலை வந்தா ஆச்சா? நேரா வரணும். அதுதான் பேச்சு"ன்னுட்டு உள்ள போயிட்டாரு.

சாக்கை எடுத்தாச்சு. ஊசி மாதிரி இருந்தது விரல் உசரம் ஆச்சு. அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை. இவ டியூஷன் போயிருந்தா. அப்பா வீட்ல. பின்பக்கம் பல் தேய்க்கப் போனவரு பாத்தியைப் பார்த்தாரு. அடடா, பொண்ணு நாத்து விட்டிருக்கா, நடத் தெரியாம அப்படியே விட்டுட்டாளேன்னு நினைச்சுக்கிட்டாரு. அவருக்கு நெல்லுதான் தெரியும். நாத்து வந்தா பறிக்கணும், பறிச்சா நடணும். லுங்கியை மடிச்சுக் கட்டினாரு. மொத்த நாத்தையும் பறிச்சாரு. வேர்ல இருந்த மண்ணை உதறினாரு, சட்டுச்சட்டுன்னு. அப்புறம் கயிறு பிடிச்சு, வரிசை வரிசையா, கட்டை விரலால குத்திக் குத்தி நட்டாரு. ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி அவ்வளவு அழகு. நடு வெயிலு வேற.

இவ வந்து பார்க்கறா. எல்லாச் செடியும் துவண்டு தரையில படுத்திருக்கு.

"எப்படி? அப்பாவோட நடவு?"ன்னு அவரு இடுப்புல கை வச்சு நிக்கறாரு.

அம்சவேணிக்கு அழுகையா வந்தது. பாவம், அவரைத் திட்டவும் முடியலை. விதை பாக்கெட்டை எடுத்துப் பார்த்தா. பின்பக்கம் எறும்பு ஊர்ற மாதிரி பொடி எழுத்து. அதைப் படிக்க முடியாம தாத்தாகிட்டப் போய் பூதக்கண்ணாடி கேட்டா. தாத்தா, "குடு, நானே படிக்கறேன்"னு வாங்கிக்கிட்டாரு. கண்ணாடியை முன்ன பின்ன நகர்த்தி, சத்தமாப் படிச்சாரு. "நேரடியாக விதைக்கவும். ஆழம், அரை விரல்கடைக்கு மேல் கூடாது. நாற்றைப் பிடுங்கி நடக் கூடாது. பிடுங்கி நட்டால் கிழங்கு பிளவுபடும். நெருக்கமான செடிகளைக் கலைத்து, மூன்று விரல் இடைவெளி விடவும்."

படிச்சுட்டு பால்கனியிலேர்ந்து கீழே பார்த்தாரு. அப்பா நட்ட வரிசையைப் பார்த்தாரு. "உங்கப்பன் நல்லாத்தான் நட்டிருக்கான்"னாரு.

பாக்கெட்டு பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு முதல்லயே படிச்சா என்ன கேடு? யாரும் படிக்கறதில்லை. உங்கப்பாவும்தான். போன மாசம் மிக்ஸியை என்ன பண்ணினாரு? சரி, அதை விடு.

"ம்."

ஒரு வாரத்துல அந்தச் செடியெல்லாம் நிமிர்ந்துடுச்சு. இலை புசுபுசுன்னு வந்தது. அப்பாவுக்கு ஒரே பெருமை. "பார்த்தியா? பாக்கெட்டு எழுதினவன் மன்னார்குடிக்கு வந்திருக்கானா?"ன்னாரு. அம்சவேணிக்கும் சந்தேகம். ஒருவேளை அப்பா சொல்றது சரியா இருக்குமோ? மண்ணுக்குள்ள நடக்கறது யாருக்குத் தெரியும்?

அப்போ ஒரு நாள் அம்மா ரசத்தை அடுப்புல வச்சுட்டு, துவைக்கற கல்லுக்குப் பின்னாடி குனிஞ்சா. "அட, இங்க மல்லி தானா முளைச்சிருக்கு"ன்னு கையை நீட்டறா. அம்சவேணி பார்த்தா. மல்லியா அது? தும்மல்ல பறந்து போன கேரட்டு! சலிச்சு வச்ச மண் குவியல்ல விழுந்து, துணி அலசற தண்ணி தெறிச்சு, யாரும் கவனிக்காமலே வந்திருக்கு.

"அம்மா! கையை எடு!"

"ஐயோ, பாம்பா?"ன்னு அம்மா எகிறிக் குதிச்சா.

"பாம்பு இல்லை, கேரட்டு!"

"கேரட்டுக்கா இந்தக் கத்தல்? ரசம் பொங்குதுடி!"

அம்சவேணி எண்ணினா. பதினொரு செடி, ஒரே கொத்தா, பஸ்ஸுல நிக்கற மாதிரி இடிச்சுக்கிட்டு. அப்பா கை படாத செடி. மூணு விரல் இடைவெளின்னா எத்தனை நிக்கலாம்? மூணு. மீதி எட்டை எடுக்கணும். அவளுக்கு மனசே வரலை. இத்தனை பாடு பட்டுப் பொழச்சு வந்ததை எப்படி எடுக்கறது? ரெண்டு நாள் சுத்திச் சுத்தி வந்தா. மூணாம் நாள் கத்தரிக்கோலை எடுத்துக்கிட்டு வந்தா. பிடுங்கினா பக்கத்து வேர் ஆடுமே, அதனால கறக், கறக்குன்னு தரையோட வெட்டினா. எட்டையும் வெட்டிட்டு, கையைக் கழுவிட்டு, உள்ள போய் போர்வையை இழுத்து மூடிப் படுத்துட்டா.

"அப்புறம்?"

அப்புறம் என்ன, மூணு நின்னுது. மார்கழி போச்சு. பொங்கல் வந்தது. பொங்கல் அன்னைக்கு இவளுக்குக் கை அரிச்சுது. உள்ள இருக்கா, இல்லையா? ஒண்ணே ஒண்ணு பார்த்துடலாம்னு ஒண்ணை இழுத்தா. ப்ளக்! நேராத்தான் இருந்தது. ஆனா சுண்டு விரலைவிட ஒல்லி. திரும்ப மண்ணுல செருகி வச்சா. மறுநாள் வாடிப் போச்சு. நீ இன்னைக்குத் தொட்டியில பண்ணினியே, அதே வேலை.

"நான் லேசாத்தாம்மா இழுத்தேன்."

எல்லாரும் லேசாத்தான் இழுப்பாங்க. அடுத்த ராத்திரியே ஒரு பெருச்சாளி வந்து இன்னொண்ணைக் கறமுற கறமுறன்னு தின்னுட்டுப் போச்சு. காலையில இலை மட்டும் கிடந்தது. மிச்சம் ஒண்ணு. ஒரே ஒண்ணு. அம்சவேணி அடி உடைஞ்ச பழைய பூத்தொட்டியை அது மேல கவுத்து, ஓரமாக் கல்லு வச்சா. இலை மட்டும் ஓட்டை வழியா வெளியில எட்டிப் பார்த்துது. அதுக்கப்புறம் ஒரு வாரம் அவ கை அரிச்சாலும் பின்பக்கமே போகலை. ஜன்னல் வழியாத்தான் பார்த்தா.

தை பத்து. காலையில டொக், டொக், டொக். கூடவே மேஸ்திரி சின்னப்பன், ரெண்டு மூட்டை சிமெண்ட்டு, மணல், செங்கல்லு. தாத்தா நேரா வந்து துவைக்கற கல்லு மேல உட்கார்ந்துட்டாரு. மேஸ்திரி கலவையைக் கலக்க ஆரம்பிச்சுட்டான். சரக், சரக், சரக், சரக். காத்திருக்கற ஆளு இல்லை அவன், மத்தியானம் இன்னொரு வேலையாம்.

"எங்க என் கேரட்டு?"ன்னு தாத்தா கையை நீட்டினாரு.

அப்பா முன்னாடி வந்தாரு. "ஐயா, ஒண்ணு என்ன, ஒரு கூடையே தர்றோம்"னு சொல்லிட்டு வரிசையில ஒண்ணைப் பிடிச்சு இழுத்தாரு.

ப்ளக்! கேரட்டு வந்தது. ஆனா ரெண்டு காலு. டிராயர் போட்ட மாதிரி.

"சரி, இது ஏதோ ஒண்ணு"ன்னு அடுத்ததை இழுத்தாரு. ப்ளக்! மூணு காலு. முக்காலி.

இன்னொண்ணு. ப்ளக்! அதுக்கு எத்தனை காலுன்னு எண்ணவே முடியலை. ஒண்ணை ஒண்ணு பின்னிக்கிட்டு முறுக்கு மாதிரி.

மேஸ்திரி மண்வெட்டியைப் போட்டுட்டு வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கறான். "அண்ணே, இது கேரட்டா, இல்லை நடந்து வந்து நின்னுதா?" அப்பாவுக்கு முகம் செத்துப் போச்சு. பிடுங்கினதைக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நிக்கறாரு. "என் நடவால வந்துது"ன்னு முணுமுணுத்தாரு. இடுப்புல கை வச்ச ஆளு, இப்போ கையை எங்க வைக்கறதுன்னு தெரியாம நிக்கறாரு.

தாத்தா சிரிக்கலை. "நேரான கேரட்டுதான் பேச்சு. மேஸ்திரி, ஆரம்பி"ன்னாரு.

"இருங்க"ன்னா அம்சவேணி. "தாத்தா, கொஞ்சம் எழுந்திருங்க."

"ஏன்?"

"என் கேரட்டு உங்களுக்குப் பின்னாடி இருக்கு."

தாத்தா தடியை ஊனி எழுந்தாரு. அவ கல்லுக்குப் பின்னாடி குனிஞ்சா. தொட்டியைத் தூக்கினா. மண்ணைச் சுத்திச் சுத்தி விரலால தளர்த்தினா. இலையோட கழுத்தைப் பிடிச்சா. கண்ணை மூடிக்கிட்டா. உள்ள என்ன இருக்குன்னு அவளுக்கும் தெரியாதே? இழுத்தா. வரலை. இன்னொரு இழுப்பு. வரலை. மூணாவது...

"ம்... ம்!"

ப்ளக்!

வந்தது. சிவப்பா, நேரா, நுனி வரைக்கும் ஒரே காலு. அவ உள்ளங்கை நீளம்கூட இல்லை, ஆனா நேரா இருந்தது.

தாத்தா அதை வாங்கினாரு. ஒரு கண்ணை மூடிப் பார்த்தாரு, தச்சர் பலகையைப் பார்க்கற மாதிரி. திருப்பிப் பார்த்தாரு. அப்புறம் கைத்தடியோட ஒட்டி வச்சுப் பார்த்தாரு. தடியும் நேரா, கேரட்டும் நேரா.

"சின்னதா இருக்கே"ன்னாரு.

"நேரான்னுதான் சொன்னீங்க. பெருசான்னு சொல்லலை."

தாத்தா குழாயில கேரட்டைக் கழுவினாரு. இலையைப் பிச்சுப் போட்டாரு. ஒரு கடி. கடக்! நல்லா மென்னு, முழுங்கி, இன்னொரு கடி. கடக்!

மேஸ்திரிக்குப் பொறுக்கலை. "ஐயா, கலவை காஞ்சிரும். என்ன பண்றது, சொல்லுங்க."

"என்னை ஏன் கேக்கறே?"ன்னாரு தாத்தா, வாயில கேரட்டோட. "மண்ணுக்குச் சொந்தக்காரி அங்க நிக்கறா. அவளைக் கேளு."

மேஸ்திரி அம்சவேணி பக்கம் திரும்பினான். அவளை இதுவரைக்கும் யாருமே எதுவும் கேட்டதில்லை. மண்ணையும் செங்கல்லையும் மாறி மாறிப் பார்த்தா. "செங்கல்லு இருக்குல்ல, அண்ணா? சுத்தி நாலு பக்கமும் வரப்பு கட்டிடுங்க. மேல சிமெண்ட்டு பூசிடுங்க. தண்ணி வெளியில ஓடித் தேங்காது, தாத்தாவுக்குக் கொசு வராது"ன்னா.

கட்டினான். மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டான். மேல பூசி, கரணையால வழவழன்னு இழைச்சு விட்டான். சிமெண்ட்டு ஈரமா இருக்கறப்போவே எழுதினாத்தான் நிக்கும். அம்சவேணி எதால எழுதறதுன்னு தேடறா. குச்சி ஒண்ணும் கிடைக்கலை. அப்பா இன்னும் அந்த ரெண்டு கால் கேரட்டைக் கையில வச்சுக்கிட்டு நிக்கறாரு.

"அதைக் குடுப்பா."

வாங்கினா. அதால வரப்பு மேல பெருசா எழுதினா. அம்சவேணி. ரெண்டு காலு இல்லையா, எல்லா எழுத்தும் ரெட்டைக் கோடா வந்தது. கடையில போர்டு எழுதறவங்க எழுதற மாதிரி அவ்வளவு ஜோர். ஒத்தைக் கால் கேரட்டால அப்படி எழுத முடியாது.

அப்பா கிட்ட வந்து பார்த்தாரு. "நம்ம நடவு"ன்னாரு.

"ம்"னா அம்சவேணி.

மிச்சக் கேரட்டை எல்லாம் அம்மா பொரியல் பண்ணிட்டா. நறுக்கிட்டா எதுக்கு எத்தனை காலுன்னு யாருக்குத் தெரியும்? ஒரு கிண்ணம் மாடிக்கும் போச்சு. கிண்ணம் காலியாத் திரும்பி வரலை. உள்ள தாத்தா ஒரு விதை பாக்கெட்டு வச்சு அனுப்பியிருந்தாரு. பீட்ரூட்டு. கூடவே பூதக்கண்ணாடி.

"அம்மா..."

என்ன?

"நாளைக்கு என் தொட்டியில இருக்கறதை இழுக்க மாட்டேன்."

அதை நாளைக்குப் பார்க்கலாம்.

"பார்க்கலாம்னா இல்லைன்னு..."

போதும். கதையைப் பிடுங்கியாச்சு, குழியை மூடியாச்சு, நீயும் கண்ணை மூடு.